ஹெரால்டு கிளப்புக்கு கை கொடுத்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயித்துக்கிழமை காலையில பெசன்ட் நகர்ல ஒன்பது பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வரிசையா நின்னுச்சு, அதுல எங்க அப்பாவோட நாலு கதவு மார்க் 3-யும் ஒண்ணு, ஆறு வருஷமா தார்ப்பாய்க்கு அடியில கிடந்த வண்டி. அன்னைக்கு தொண்டை அடைச்சிருச்சு, யார்கிட்டயும் ஒழுங்கா பேச முடியல, அதான் இங்க எழுதுறேன்.

ஹெரால்டு நம்ம ஊர் வண்டிங்க. டிசைன் இத்தாலிக்காரர் மிக்கலாட்டி போட்டது, இங்கிலாந்துல 1959-லயே ட்ரையம்ஃப் ஹெரால்டுங்கற பேர்ல வந்துருச்சு, எல்லாம் சரி, ஆனா 1961-ல இருந்து மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு கம்பெனிக்காரங்க செஞ்சாங்களே, அப்புறம் 1968-ல நாலு கதவு வச்சு ஒண்ணு விட்டாங்களே, அது இங்கிலாந்துக்காரனுக்கே கிடைக்காத மாடல். பின்னாடி அதே கம்பெனில கெஸல்னு ஒரு கார் வந்துச்சு, 1985-ல ஸ்டாண்டர்டு 2000 வந்துச்சு, கொஞ்ச வருஷத்துல வண்டலூர் ஃபேக்டரில கார் வர்றதே நின்னு போச்சு. ஸ்பேர்ஸ் கிடைக்காம அல்லாடினோம் பாருங்க, எங்க கிளப் பொறந்ததே அதுலதான். யார்கிட்ட என்ன பார்ட் இருக்குன்னு நாலு பேர் ஒரு டைரில எழுதி வச்சுக்கிட்டாங்க, அவ்ளோதான் ஆரம்பம்.

முதல் நன்றி அந்த ஃபேக்டரில வேலை பாத்து ரிட்டயர் ஆன பெரியவருக்கு. எங்க வண்டி ஸ்டியரிங் கல்லு மாதிரி இறுகிக் கிடந்துச்சு, நான் போன ரெண்டு மெக்கானிக்கும் கிரீஸ் அடிச்சு அனுப்பிட்டாங்க. ஐயா வந்தாரு, முன்பக்கம் மொத்தமும் தூக்குற அந்த பானெட்டைத் திறந்தாரு, குத்துக்கால் போட்டு உக்காந்து வீல் பக்கத்துல ட்ரன்னியனை, அதாவது முன் வீல் திரும்புற மூட்டை, மண்ணெண்ணெய் போட்டு துடைச்சாரு. காஞ்சு போன கிரீஸ் கட்டி கட்டியா உதிர்ந்துச்சு. "தம்பி, இதுக்கு கிரீஸ் ஆகாது, கியர் ஆயில்தான் போடணும், இல்லேன்னா ஒருநாள் உடைஞ்சு வீலு தனியா மடங்கிடும்"னாரு. எழுபது வயசுக்கு மேல ஆகுது, பெருங்களத்தூர்ல இருந்து டிரெய்ன் ஏறி வந்தவரு, டீக்கு மட்டும்தான் காசு குடுக்க விட்டாரு. ஐயா, உங்க கால்ல விழணும் நான்.

புதுப்பேட்டை கடை அண்ணன், பழைய கார்புரேட்டர் கிட்டை மூணு மாசம் யாருக்கும் குடுக்காம எடுத்து வச்சதுக்கு நன்றிண்ணே. லேத்துல புஷ் கடைஞ்சு குடுத்த தம்பிக்கும், டிங்கரிங் பாத்த பாய்க்கும் நன்றி, பள்ளத்தை அடைக்கிற பட்டி பசையை அள்ளி அப்பாம தகரத்தை வெட்டி வச்சு வேலை பாத்தாரு பாய், கதவை சாத்துனா வர்ற சத்தத்துலயே தெரியும்.

அப்புறம் மயிலாப்பூர் அம்மா. வீட்டுக்காரரோட ஹெரால்டை காயலான் கடைக்காரர் நல்ல ரேட்டுக்கு கேட்டும் குடுக்காம, "இன்னொரு ஹெரால்டு ஓடுனா போதும்"னு கிளப்புக்கே குடுத்துட்டாங்க. அதுல இருந்து மூணு வண்டி எழுந்திருச்சு. எங்க வண்டியோட முன் கண்ணாடியும் ஹார்ன் பட்டனும் அவங்களோடதுதான். அம்மா, வர்ற ஞாயிறு காலையில ஆறரைக்கு வண்டியை எடுத்துட்டு உங்க வாசலுக்கு வர்றேன், கபாலி கோயிலுக்கு அதுலயே போயிட்டு வரலாம், முன் சீட்டு உங்களுக்குத்தான்.