தூண்டில் நரம்பு

மேடவாக்கம்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மரகதம்,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. பேத்தி காதுகுத்து, அவருக்குக் கண் ஆபரேஷன், நடுவில் எனக்கு ஒரு வாரம் காய்ச்சல். இப்போது எல்லாரும் நலம். நீ அனுப்பிய மக்ரூன் வந்த அன்றே தீர்ந்துபோனது, அதற்கும் ஒரு வார்த்தை எழுதவில்லை. திட்டவேண்டியதை எல்லாம் சேர்த்து வை, நேரில் வாங்கிக்கொள்கிறேன்.

முதலில் எனக்காக ஒரு வேலை செய். உன் வீட்டு ஹாலில் டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறாயே, நான் அனுப்பிய நாரை படம், அதைக் கழற்றி வை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

"வெறும் வானத்துல பறக்குற பறவைய ராத்திரி ஒரு மணி வரைக்கும் திருத்த அதுல என்னடி இருக்கு?" என்று கேட்டிருந்தாய். ஸ்டூடியோக்காரர் மகள் கேட்கிற கேள்வியா இது? பின்னால் மரமோ புதரோ இருந்தால் எந்தக் குறையும் அதில் ஒளிந்துகொள்ளும். வெறும் வானத்தில் ஒளிய இடம் கிடையாது.

அந்தப் படம் எடுத்தது மார்கழியில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். ரேடியல் சாலை ஓரம் ஆறரை மணிக்கே போய் நின்றுவிட்டேன். மூடுபனி விலகியும் விலகாமலும் வானம் துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி வெளுத்துக் கிடந்தது. மஞ்சள் மூக்கு நாரை ஒன்று நேர் தலைக்கு மேலே வந்தது. கொக்காக இருந்தால் கழுத்தை மடக்கிக்கொண்டு பறக்கும். நாரை கழுத்தை முன்னால் நீட்டி, காலைப் பின்னால் நீட்டி, முழு நீளத்தையும் காட்டிக்கொண்டு போகும். ஒரே அழுத்தில் 22 படம். நொடியில் 2500இல் ஒரு பங்கு வேகம். அதற்குக் குறைந்தால் இறக்கை நுனி கலங்கிவிடும்.

இப்படிப்பட்ட வானத்தில் கேமரா ஏமாந்துபோகும். எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்ப்பது அதன் சுபாவம். வெள்ளை வானத்தைச் சாம்பலாக்குகிறேன் என்று பறவையைக் கரிக்கட்டை ஆக்கிவிடும். அதனால் வெளிச்சத்தை நாமே ஒன்றரைப் படி ஏற்றி எடுக்க வேண்டும். அப்படி எடுத்தும் இறக்கையின் அடிப்பக்கம் இருட்டாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் அந்த இருட்டைத் தூக்கினால், இறகின் வரிகள் தெரிவதோடு மணல் தூவியது போலப் புள்ளிகளும் வந்துவிடும். இறகில் அது அவ்வளவாகத் தெரியாது, வானத்தில் அப்பட்டமாகத் தெரியும். எனவே வானத்தைத் தனியாகப் பிரித்து, அதை மட்டும் மழமழவென்று ஆக்க வேண்டும். பிரிக்கிற வேலையை மென்பொருளே செய்கிறது, நன்றாகவும் செய்கிறது. ஆனால் நாரை இறக்கையின் நுனியில் இறகுகள் விரல் விரித்த மாதிரி இருக்கும் அல்லவா, அந்த இடுக்கில் தெரிகிற துண்டு வானத்தையும் பறவை என்று எடுத்துக்கொள்ளும். சில சமயம் கடைசி இறகின் நுனியை வானம் என்று தள்ளிவிடும். அங்கே 200 சதவீதம் பெரிதாக்கி, விரல் விரலாக நான்தான் சரிசெய்தேன். இந்த வேலையில்தான் எனக்கு ஒரு மணி ஆகிறது. கூர்மையை அளவுக்கு மேல் ஏற்றினால் பறவையைச் சுற்றிச் சாமி படத்து ஒளிவட்டம் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு விழும். அதைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்புறம் தூசி. கேமராவுக்குள் படம் பதிகிற சென்சாரில் ஒட்டிய தூசி வானத்தில் மங்கல் வட்டமாகத் தெரியும். 22 படத்திலும் அதே இடத்தில் இருக்கும். ஒரு படத்தில் துடைத்து, அந்தத் திருத்தத்தை மற்ற 21க்கும் ஒட்டிவிடலாம்.

மரகதம், அன்றைக்கு அந்தத் தூசியோடு இன்னொன்றையும் நான் துடைத்தேன். நாரையின் வலது காலுக்குப் பின்னால் முடி போல ஒரு கோடு. புல்லோ, நாரோ காலில் ஒட்டியிருக்கிறது, படத்தைக் கெடுக்கிறது என்று நினைத்தேன். அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை. தூரிகையை ஓட்டினேன், போய்விட்டது. மிச்சம் மீதி இருந்ததும் வானத்தின் வெண்மையை இன்னும் கொஞ்சம் ஏற்றியபோது கரைந்துபோனது. உனக்கு ஒன்று, சின்னவள் வீட்டுக்கு ஒன்று, எங்கள் குடியிருப்புக் காலண்டருக்கு ஒன்று. எல்லாரும் பாராட்டினார்கள். நானும் சந்தோஷமாக இருந்தேன்.

பொங்கலுக்கு மறுநாள் எங்கள் பறவைக் குழுவில் ஒருவர் கேட்டார்: காலில் தூண்டில் நரம்பு சுற்றிய மஞ்சள் மூக்கு நாரை ஒன்று நொண்டுகிறது, இதற்கு முன்னால் யாராவது பார்த்தீர்களா, எப்போதிலிருந்து இருக்கிறது என்று தெரிய வேண்டும். படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மூலப் படங்களைத் திறந்தேன். 22 படத்திலும் இருந்தது. தூசி இடம் மாறாது என்று சொன்னேனே, இது மாறியது. இறக்கை மேலே போனால் ஒரு சுருள், கீழே வந்தால் இன்னொரு சுருள். நம் ஊரில் தங்கூஸ் என்போமே, அதேதான். கணுக்கு மேலே இரண்டு சுற்று, அதற்குக் கீழே ஒரு முழ நீளம் காற்றில் இழுபடுகிறது. நான் புல் என்று நினைத்தது அதைத்தான்.

அது மக்காது, அறுபடாது. பறவை இழுக்க இழுக்கச் சுற்று இறுகும், ரத்த ஓட்டம் நிற்கும், கால் அழுகும். இறுகாவிட்டாலும் மரத்தில் வந்து உட்காரும்போது கிளையில் சிக்கினால் தலைகீழாகத் தொங்கவேண்டியதுதான். இது கூடு கட்டுகிற காலம் வேறு. நரம்போடு கூட்டுக்குப் போனால் குஞ்சும் மாட்டிக்கொள்ளும். 2022இல் பள்ளிக்கரணையை உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தபோது நான் உனக்கு எத்தனை பக்கம் எழுதினேன், நினைவிருக்கிறதா? ஒரு முழ நரம்பு போதும், அந்தப் பறவைக்கு அந்தச் சதுப்பு நிலம் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிட.

உங்கள் அப்பாவின் டச்சிங் மேஜை இரண்டு நாளாகக் கண்ணிலேயே நிற்கிறது. சாய்ந்த கண்ணாடி, கீழே ஜன்னல் வெளிச்சத்தை மேலே அனுப்புகிற முகம் பார்க்கும் கண்ணாடி, நெகட்டிவின் மேல் ஊசி போலச் சீவிய பென்சில். அம்மைத் தழும்பு ஒவ்வொன்றையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிரப்புவார். நிரப்புவதற்கு முன்னால் லென்ஸ் வைத்து அந்த முகத்தை எவ்வளவு நேரம் பார்ப்பார்! நம் இரண்டு பேரையும் பேசாதே என்று சைகை காட்டிவிட்டுப் பார்ப்பார். எதை அழிக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மீனாட்சி அக்கா படத்தில் மட்டும் தழும்பை அப்படியே விட்டாரே, அதற்காக உன் அம்மா நாலு நாள் அவரோடு பேசவில்லையே, ஏன் விட்டார் என்று எனக்கு இப்போதுதான் கொஞ்சம் பிடிபடுகிறது.

போன வருஷம் எங்கள் குழுவில் ஒரு பையனோடு நான் சண்டை போட்டேன். செம்பருந்தின் இறக்கையில் ஓர் இறகு இல்லாமல் இடைவெளியாக இருந்தது. அதைக் கம்ப்யூட்டரை விட்டு நிரப்பி அழகாக்கிப் போட்டிருந்தான். இறகு உதிர்ந்து புதிது முளைக்கிற வரிசையை வைத்துத்தானே பறவையின் வயதைக் கணிக்கிறார்கள், அதை எப்படி நிரப்பலாம் என்று அவனைப் பிடிபிடியென்று பிடித்தேன். நேற்று அவனுக்குப் போன் செய்து என் நாரை கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "மூலப் படத்தை அனுப்புங்க ஆன்ட்டி, எந்தப் பக்கம் பறந்து போச்சுன்னு பார்க்கலாம்" என்றான், அவ்வளவுதான். நல்ல பையன்.

22 படத்தையும் தேதி, நேரம், இடம் எழுதிக் குழுவுக்கும் வனத்துறைக்கும் அனுப்பிவிட்டேன். மார்கழியிலேயே அனுப்பியிருந்தால் அப்போதே யாராவது தேடியிருப்பார்கள். ஆறு நாள் தொடர்ந்து விடியற்காலையில் போய் நின்றேன். நாரைகள் வருகின்றன. ஒவ்வொன்றின் காலையும்தான் முதலில் பார்க்கிறேன். அது மட்டும் இன்னும் கண்ணில் படவில்லை.

படத்தை மறுபடி முதலிலிருந்து திருத்தினேன். மூலக் கோப்பு அப்படியே இருந்ததால் முடிந்தது. வானத்தை இந்தத் தடவை வெளுக்கவிடவில்லை, ஒரு சாயல் சாம்பலாகவே விட்டேன். வெளுத்தால் நரம்பு காணாமல் போகிறது. தூசியை மட்டும் எடுத்தேன், காலுக்கு ஒரு சாண் தூரம் வரைக்கும் தூரிகையைக் கொண்டுபோகவில்லை.

புதன்கிழமை கூரியரில் வரும். அதே 12க்கு 18 அளவுதான், பழைய சட்டத்திலேயே மாட்டலாம். பழையதைக் கிழித்துப் போடு. ராத்திரி லைட்டில் பார்த்தால் கோடு தெரியாது. காலையில் கிழக்கு ஜன்னல் பக்கம் எடுத்துக்கொண்டு போய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வலது காலுக்குப் பின்னால் பார். தெரிகிறதா என்று உடனே எழுது. தெரியாவிட்டால் இன்னும் கொஞ்சம் அழுத்தமாக அச்சடித்து வேறு அனுப்புகிறேன்.

உன்,
வசந்தா