கவிதாவுக்கு: போர்ச்சுகலில் கார் எடுக்கும் முன்

அன்புள்ள கவிதா,

நீ அனுப்பிய பத்து நாள் திட்டத்தைப் பார்த்தேன். லிஸ்பனில் இறங்கியதும் விமான நிலையத்திலேயே கார் எடுத்து, கடைசி நாள் வரை கையில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும், இதை மட்டும் மாற்றிவிடு. போர்ச்சுகலில் கார் கடற்கரைக்குத்தான் வேண்டும். நகரத்துக்குள் அது உங்கள் நாளையும் பணத்தையும் தின்னும்.

லிஸ்பனின் பழைய பகுதிகளில் தெரு குறுகல், மேடு செங்குத்து, தரையெல்லாம் வழவழத்த கல், நடுவில் டிராம் தண்டவாளம். நிறுத்த இடம் கிடைத்தாலும் மீட்டருக்குக் காசு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நேரம் தாண்டினால் சக்கரத்துக்குப் பூட்டு விழும். முதல் மூன்று நாள் மெட்ரோவும் டிராமும் போதும். விமான நிலையத்துக்குள்ளேயே மெட்ரோவின் சிவப்புத் தடம் வருகிறது. சிந்த்ராவுக்கும் ரயிலிலேயே போங்கள். ரோசியோ நிலையத்திலிருந்து சுமார் 40 நிமிடம். அங்கே பழைய ஊர்ப்பகுதிக்குள் வெளியார் காருக்குக் கட்டுப்பாடு உண்டு. பெனா அரண்மனை டிக்கெட்டில் உள்ளே நுழையும் நேரம் அச்சிட்டிருக்கும், அதை முன்கூட்டியே வாங்கிவிடு. நான்காம் நாள் காலை மெட்ரோவில் விமான நிலையத்துக்குத் திரும்பிப் போய்க் காரை எடுத்தால், ஊருக்குள் நுழையாமலே நெடுஞ்சாலையில் ஏறிவிடலாம். கடைசி ஊரான போர்த்தோவிலும் இதே முறைதான். காரை அங்கே விமான நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, மெட்ரோவில் ஊருக்குள் போங்கள். ஒரு ஊரில் எடுத்து வேறு ஊரில் விடுவதற்குத் தனிக் கட்டணம் இருக்கலாம், பதிவு செய்யும்போதே விசாரித்துவிடு.

காகிதங்கள். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ஆர்.டி.ஓ.வில் படிவம் 4ஏ, கட்டணம் 1000 ரூபாய், ஓராண்டு செல்லும். அசல் உரிமம் இல்லாமல் இது வெறும் காகிதம், ஆகவே இரண்டையும் எடுத்துப் போ. யார் பெயரில் கார் பதிவாகிறதோ அவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். முன்பணமாக ஒரு பெரிய தொகையை அதில் முடக்கி வைப்பார்கள். டெபிட் கார்டைப் பல கவுன்ட்டர்களில் ஏற்க மாட்டார்கள். மாப்பிள்ளையும் ஓட்டுவதென்றால் அவர் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல். அங்கே வாடகைக் கார் என்றாலே பெரும்பாலும் கையால் கியர் போடுகிற கார்தான். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பே கேட்டு வாங்கு. விலை கூடும், ஆனாலும் இந்த முதல் பயணத்துக்கு அந்தப் பணம் தகும் என்றே சொல்வேன். 12 வயதுக்குக் கீழே, 135 செ.மீ. உயரத்துக்குள் உள்ள குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம். பாப்பாவுக்கு அதையும் இப்போதே சொல்லி வை.

இனி ஓட்டும் முறை. "வலப்பக்கம் போக வேண்டும், அவ்வளவுதானே" என்று கேட்டாய். வலப்பக்கம் போவது ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். பழக நாளாவது வேறொன்று. நம் காரில் நாம் வலது ஓரம் உட்காருகிறோம், காரின் உடம்பு முழுவதும் நமக்கு இடப்பக்கம் கிடக்கிறது. அந்தப் பழக்கத்தில் உடல் தானாகவே பாதையின் வலது பாதிக்குப் போய் நிற்கும். இடப்பக்க ஸ்டியரிங் காரிலும் அதே இடத்தில் நீ உட்கார்ந்தால், காரின் வலப்பக்கம் கோட்டைத் தாண்டிவிடும். முதல் இரண்டு நாளில் வலது கண்ணாடி நிறுத்திய காரில் உரசுவதும், வலது முன்சக்கரம் நடைபாதைக் கல்லில் தேய்வதும் இதனால்தான். மருந்து ஒன்றே: சாலையின் நடுக்கோடு எப்போதும் உன் இடது தோளுக்கு அருகே ஓட வேண்டும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை வலது கண்ணாடியில் ஓரக்கோட்டைப் பார். பக்கத்தில் உட்காருபவர் "வலது நெருங்குது" என்று சொல்லிக்கொண்டே வந்தால் இன்னும் நல்லது.

எதிர்த்திசையில் ஏறுகிற தவறு நெரிசலில் நடக்காது. முன்னால் போகிற காரே வழிகாட்டிவிடும். வெறிச்சோடிய நேரத்தில்தான் நடக்கும்: விடிகாலை விடுதி வாசலில், பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது, கடற்கரை வண்டி நிறுத்தத்தை விட்டுக் கிளம்பும்போது. அந்த மூன்று இடத்திலும் வாய்விட்டு "வலது" என்று சொல்லிவிட்டு வண்டியை நகர்த்து.

ரவுண்டானாக்கள் நிறைய. இடமிருந்து வந்து ஏற்கெனவே உள்ளே சுற்றுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். அடுத்த வெளிவாயிலில் இறங்குவதாக இருந்தால் மட்டும் வலது ஓரத்தடம், இல்லையென்றால் உள்தடம். 2014-இலிருந்து இது சட்டம். அடையாளப் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. வேக வரம்பு ஊருக்குள் 50, வெளியே 90, நெடுஞ்சாலையில் 120. சில சிற்றூர்களில் நீ 50-ஐத் தாண்டினால் தூரத்து சிக்னல் தானாகச் சிவப்பாகும், குறுக்கே யாரும் இல்லாவிட்டாலும். அது பழுது இல்லை. வேகத்தைக் குறைத்தால் மீண்டும் பச்சை வரும்.

இப்போது நான் மிகவும் கவலைப்படுகிற விஷயம், எரிபொருள். பங்கில் "கசோலியோ" என்று எழுதியிருப்பது டீசல். பெட்ரோலின் பெயர் "கசோலினா". இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே இருக்கும், களைத்த கண்ணுக்கும் அப்படித்தான். பெயரை நம்பாதே. டாங்க் மூடியைத் திற, உள்ளே ஒட்டியிருக்கும் அடையாளத்தைப் பார். வட்டத்துக்குள் இ5 அல்லது இ10 இருந்தால் பெட்ரோல், சதுரத்துக்குள் பி7 இருந்தால் டீசல். பம்பிலும் குழாய்முனை அருகே அதே வட்டமும் சதுரமும் இருக்கும், இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் நிரப்பு. மாறிப்போய் நிரப்பிவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. வண்டியைக் கையால் தள்ளி ஓரம் கட்டிவிட்டு வாடகை நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிடு. எஞ்சின் ஓடாதவரை டாங்கை வடிப்பதோடு முடியும். ஓடிவிட்டால் தவறான எண்ணெய் பம்பு, இன்ஜெக்டர் வரை போய்விடும். அந்தச் செலவைக் காப்பீடு பெரும்பாலும் ஏற்காது.

டோலுக்கு "வியா வெர்டே" என்ற சிறு பெட்டியைக் காரோடு சேர்த்தே வாடகைக்கு எடு. பச்சைப் பின்னணியில் வெள்ளை "வி" போட்ட தடம் அந்தப் பெட்டி உள்ளவர்களுக்கு. பெட்டி இல்லாதவர்கள் நுழையும்போது சீட்டு எடுத்து, வெளியேறும்போது பணம் கட்ட வேண்டும். போர்த்தோவைச் சுற்றி உள்ள சில சாலைகளில் சாவடியே கிடையாது, மேலே கேமரா மட்டும் இருக்கும். பெட்டி இல்லாமல் அங்கே போனால் பில் வாடகை நிறுவனத்துக்குப் போய், அவர்களுடைய கட்டணமும் சேர்ந்து உன் கார்டில் விழும். சில கார்களில் பெட்டி ஒரு மூடிக்குள் இருக்கும், நகர்த்தித் திறந்தால்தான் வேலை செய்யும். கவுன்ட்டரிலேயே காட்டச் சொல். அல்கார்வ் கடற்கரையை ஒட்டி ஓடும் ஏ22-க்கு டோல் உண்டு என்று பழைய பதிவுகள் சொல்லும். 2025 ஜனவரி 1 முதல் அது இல்லை.

வழியைப் பார்ப்போம். விமான நிலையத்திலிருந்து தெற்கே போக வாஸ்கோ ட காமா பாலம் பக்கம். 1998-இல் திறந்தது, அணுகுபாதைகளோடு சுமார் 17 கி.மீ. செதூபலில் காரோடு படகேறி த்ரோயாவுக்குக் கடந்துவிடுங்கள், அரை மணிக்குள் அக்கரை. ஆட்கள் மட்டும் போகும் படகுத்துறை வேறு, கார்ப் படகுத்துறை வேறு. வரைபடத்தில் "படகு" என்று மட்டும் தேடினால் தப்பான துறையில் போய் நிற்பீர்கள். அக்கரையில் கொம்போர்தா வழியாக இறங்கினால் விலா நோவா டி மில்ஃபோன்தெஸ் வந்துவிடும். முதல் இரவு அங்கே தங்குங்கள். மறுநாள் என்120 சாலையில் ஒடெசெய்ஷெ, அல்ஜெசூர், பிறகு என்268-இல் சாக்ரெஸ். தூரம் குறைவுதான், ஆனால் வளைவுகள் நிறைய. கூகுள் சொல்லும் நேரத்தோடு பாதி நேரம் சேர்த்து வை. பிறகு லாகோஸில் இரண்டு இரவு.

ஏழாம் நாள் லாகோஸிலிருந்து வடக்கே நசாரே, 400 கி.மீ.க்குச் சற்று மேல். திட்டத்தில் இது ஒன்றுதான் நீண்ட ஓட்டம். ஏ2-வில் டோல் மட்டும் 20 யூரோவைத் தாண்டும். ஏ2 உங்களை 1966-இல் கட்டிய ஏப்ரல் 25 பாலத்தில் கொண்டுவந்து விடும். டோல் லிஸ்பன் நோக்கிப் போகும்போது மட்டும். உள்தடத்தில் போனால் திடீரென்று சக்கரத்துக்கடியிலிருந்து தேனீக்கூட்டம் போல ரீங்காரம் எழும். டயர் போய்விட்டதென்று பிரேக்கை அழுத்தாதே. அங்கே தளம் இரும்புக் கம்பிவலை, கீழே ஆறு தெரியும். சத்தம் பிடிக்காவிட்டால் வெளித்தடத்தில் போ. காலை, மாலை வேலை நேரத்தில் இந்தப் பாலத்துக்கு வராதபடி கிளம்பு.

கடலைப் பற்றி அம்மாவிடம் முன்பே சொல்லிவிடு. இது அட்லாண்டிக், ஆகஸ்டிலும் மேற்குக் கரைத் தண்ணீர் குளிரும். பிற்பகலில் வடக்கிலிருந்து காற்று பிடித்துக்கொள்ளும். மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று காரிலேயே இருக்கட்டும். பச்சைக் கொடி என்றால் குளிக்கலாம். மஞ்சள் என்றால் கால் நனைக்கலாம், நீந்தக் கூடாது. சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. நீல வெள்ளைக் கட்டம் போட்ட கொடி, காவலர் தற்சமயம் இல்லை என்பதற்கு. லாகோஸில் பாறைகளுக்கு நடுவே ஒரு கரையிலிருந்து அடுத்த கரைக்கு நடந்து போகலாம், ஆனால் வற்றத்தில் மட்டும். ஏற்றம் வந்தால் திரும்பும் வழி தண்ணீருக்குள் போய்விடும். ஓத நேர அட்டவணையைப் பார்த்து, தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டிருக்கும்போதே போய்விட்டு வந்துவிடுங்கள்.

அந்தத் தங்க நிறப் பாறைகள் அழகுதான், ஆனால் உதிர்கிறவை. 2009 ஆகஸ்டில் அல்புஃபெய்ரா அருகே மரியா லூயிசா கரையில் பாறை சரிந்து, நிழலுக்கு அடியில் இருந்தவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். பாப்பாவுக்கு வெயில் என்று பாறை நிழலில் துண்டு விரிக்காதே. பாறையின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி உட்காருங்கள். நிழலுக்கு ஒரு குடை வாங்கிக்கொள்.

நசாரேயின் ராட்சத அலைகள் குளிர்காலத்துக்கு உரியவை, அக்டோபரிலிருந்து மார்ச் வரை. கரையருகே தொடங்கும் ஆழ்கடல் பள்ளத்தாக்குதான் காரணம். நீ போகும் ஜூனில் அங்கே அமைதியான கடலும், குன்றின் மேலே ஏறும் இழுவை ரயிலும்தான் இருக்கும். அதற்காகவே போகலாம். கோயம்பிராவில் மொந்தெகு ஆற்றோரம் காரை விட்டுவிட்டு மேலே பல்கலைக்கழகத்துக்கு நடந்து ஏறுங்கள். அவெய்ரோவில் ஒரு இரவு, மறுநாள் போர்த்தோ.

காட்சிமுனையிலோ கடற்கரையிலோ நிறுத்தும்போது பையைப் பார்வையில் விடாதே. அங்கே போய் டிக்கியைத் திறந்து வைப்பதும் கூடாது. பார்த்துக்கொண்டிருப்பவன் அதற்குத்தான் காத்திருப்பான். கிளம்பும் இடத்திலேயே எல்லாவற்றையும் டிக்கியில் வைத்துவிடு, பாஸ்போர்ட் உடம்போடு இருக்கட்டும். வண்டி நின்றுபோனால் ஒளிரும் மேலங்கியை உடுத்துக்கொண்டு இறங்கு, முக்கோணத்தைக் குறைந்தது 30 மீட்டர் பின்னால் வை. இரண்டும் காரில் இருக்கின்றனவா என்று எடுக்கும்போதே பார்த்துவிடு. அவசர எண் 112.

காரை எடுக்கும்போதும் விடும்போதும் ஒரே வரிசையில் வீடியோ எடு: நான்கு சக்கர விளிம்புகள், முன்கண்ணாடி, கூரை, பம்பரின் அடி, எரிபொருள் முள், கிலோமீட்டர் எண். சக்கரம், கண்ணாடி, அடிப்பகுதி மூன்றையும் சாதாரணக் காப்பீடு பெரும்பாலும் விட்டுவிடும், சண்டையும் அவற்றில்தான் வரும். விமான நிலையத்துக்குப் பக்கத்துப் பங்கில் நிரப்பி ரசீதை வாங்கு. டோல் கணக்கு சில வாரம் கழித்துக்கூடக் கார்டில் வரும். அதுவரை ஒப்பந்தத்தையும் ரசீதையும் தூக்கிப் போடாதே.

படகு நேரத்தைக் கிளம்பும் வாரத்தில் பார்த்துச் சொல்கிறேன், பருவத்துக்குப் பருவம் மாறும். ஆட்டோமேட்டிக் கிடைத்ததா என்று எழுது.

அன்புடன்,
அண்ணன்