உலகக் கோப்பைப் பயணம்: முதலில் ஊரை முடிவு செய்க

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2026 உலகக் கோப்பைக் கால்பந்து ஆட்டங்களை நேரில் காணச் செல்வோருக்கென்று தங்கள் நாளிதழில் வெளியான பயணக் கட்டுரையைப் படித்தேன். மைதானங்களைப் பற்றிய விவரங்கள் அதில் நிறைவாக இருந்தன. ஆனால், பிடித்தமான அணி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது செல்லும் இடமெல்லாம் செல்லுங்கள் என்ற அதன் அடிப்படை ஆலோசனை இந்தத் தொடருக்குச் சற்றும் பொருந்தாது. இம்முறை ஊரையும் தேதியையும் முதலில் உறுதி செய்துகொண்டு, அங்கே எந்த அணி வந்தாலும் பார்ப்பது என்று கிளம்புகிறவருக்குத்தான் பயணம் கட்டுப்படியாகும். ரசிக மனம் இதற்கு எளிதில் ஒப்பாது என்பது தெரிந்தே இதை எழுதுகிறேன்.

2022இல் கத்தாரில் எட்டு மைதானங்களும் தோஹாவையும் அதன் சுற்றுப்புறத்தையும் விட்டு விலகாமல் இருந்தன. ஒரே அறையில் தங்கிக்கொண்டு முழுத் தொடரையும் பார்த்துவிட முடிந்தது. இம்முறையோ 48 அணிகள், 104 ஆட்டங்கள், அமெரிக்கா, கனடா, மெக்சிகோ என மூன்று நாடுகளிலுமாக 16 நகரங்கள். வான்கூவருக்கும் மயாமிக்கும் இடையே ஏறத்தாழ 4,500 கிலோமீட்டர் தூரம்.

தூரத்தைவிடப் பெரிய சிக்கல், அடுத்த ஆட்டம் எங்கே என்று முன்கூட்டித் தெரியாமையே. மெக்சிகோ அணியையே எடுத்துக்கொள்வோம். ஏ பிரிவில் உள்ள அந்த அணியின் மூன்று லீக் ஆட்டங்களும் மெக்சிகோ நகரத்திலும் குவாதலஹாராவிலும்தான். பிரிவில் முதலிடம் பெற்றால் அடுத்த சுற்று ஆட்டமும் ஜூன் 30 அன்று மெக்சிகோ நகரத்திலேயே நடைபெறும். இரண்டாமிடம் என்றால் ஜூன் 28 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் ஆட வேண்டும். ரசிகரும் எல்லை தாண்டியாக வேண்டும். மூன்றாமிடம் பெற்றுத் தகுதி அடைந்தால் கிழக்குக் கரையிலுள்ள பாஸ்டனுக்கோ மேற்குக் கரையிலுள்ள சியாட்டிலுக்கோ போக நேரிடும். பன்னிரண்டு பிரிவுகளில் மூன்றாமிடம் பெறும் அணிகளில் எட்டு மட்டுமே முன்னேறும் என்பதால், அந்த எட்டு எவை என்பதற்கு 495 சேர்க்கைகள் உள்ளன; கடைசிப் பிரிவின் ஆட்டங்கள் முடியும் ஜூன் 27 வரை விடை முழுமையாகத் தெரியாது. அடுத்த சுற்றோ மறுநாளே தொடங்கிவிடுகிறது. அந்த இடைவெளியில் விமானச் சீட்டும் தங்குமிடமும் தேடுகிறவர் கேட்ட விலையைக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஊரை வைத்துத் திட்டமிட்டால் கணக்கே மாறிவிடும். பாஸ்டனில் 7, நியூயார்க் - நியூஜெர்சியில் 8, பிலடெல்பியாவில் 6 என்று ஒரே ரயில் தடத்தில் அமைந்த மூன்று இடங்களில் மட்டும் 21 ஆட்டங்கள் இருக்கின்றன. மொத்தத் தொடரில் இது ஐந்தில் ஒரு பங்கு. ஜூலை 19 அன்று நடைபெறும் இறுதி ஆட்டமும் இதில் அடக்கம். அதேபோல் டாலஸில் 9, ஹூஸ்டனில் 7. இரண்டுக்கும் இடையே சாலை வழியாக நான்கு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அந்த இரண்டு ஊர்களிலும் மைதானத்துக்குக் கூரையும் குளிர்சாதன வசதியும் இருப்பது டெக்ஸஸின் கோடையில் சிறிய விஷயம் அன்று. ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: ஜூலை 4 அன்று பிலடெல்பியாவில், தோற்ற அணி வெளியேறும் நாக் அவுட் ஆட்டம் ஒன்று நடக்கிறது. அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்த 250ஆம் ஆண்டு நிறைவு நாளும் அதுவே. பிரகடனம் நடந்த ஊரும் அதுவே. அன்று அங்கே அறை கிடைக்கும் என்று யாரும் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது.

தங்குமிடம் தேடும்போது போட்டி அட்டவணையில் உள்ள ஊர்ப் பெயரை அப்படியே நம்பக் கூடாது. பாஸ்டன் என்று குறிக்கப்பட்ட மைதானம் அந்நகரிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தள்ளி ஃபாக்ஸ்பரோவில் இருக்கிறது. டாலஸ் மைதானம் ஆர்லிங்டனில் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி மைதானம் சாண்டா கிளாராவில் இருப்பதால், அங்கே செல்கிறவர் பக்கத்திலுள்ள சான் ஹோசேயில் தங்குவதே புத்திசாலித்தனம். மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது; படியேறினால் மூச்சு வாங்கும் ஊர் அது. ஆட்டத்துக்கு ஓரிரு நாள் முன்னதாகவே போய்ச் சேர்வது நல்லது.

கட்டுரையில் ஒரே வரியில் கடந்துபோன விசா விஷயத்தைத்தான் நான் முதலில் வைத்திருப்பேன். 2018இல் ரஷ்யா வழங்கிய ரசிகர் அடையாள அட்டையும், 2022இல் கத்தார் வழங்கிய ஹய்யா அட்டையும் நாட்டுக்குள் நுழையும் அனுமதியாகவே பயன்பட்டன. அந்த நினைப்பில் இருப்பவர்கள், ஆட்டச் சீட்டு கையில் இருந்தால் விமானம் ஏறிவிடலாம் என்று இப்போதும் நம்புகிறார்கள். இம்முறை அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. தொடரை நடத்தும் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவிடம் நேரடியாகச் சீட்டு வாங்கியவர்களுக்கு அமெரிக்க விசா நேர்காணலுக்கு முன்னுரிமைத் தேதி கிடைக்க வழி செய்யப்பட்டிருக்கிறது என்றாலும், அது தேதிக்கு மட்டுமே உத்தரவாதம், விசாவுக்கு அன்று. செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருப்பவரை மெக்சிகோ தனி விசா இல்லாமல் அனுமதிக்கிறது. கனடாவுக்கோ தனியாக அனுமதி பெற வேண்டும். கனடாவில் மட்டும் ஆட்டம் பார்க்கப் போகிறவர்கூட, மலிவாகக் கிடைக்கிறதே என்று அமெரிக்க விமான நிலையம் ஒன்றில் மாறிச் செல்லும் சீட்டை வாங்கிவிட்டால், அமெரிக்க விசா தேவைப்படுவோர் வரிசையில் அவரும் சேர்ந்துவிடுவார். விமானம் மாறுவதற்காக மட்டும் இறங்குவோருக்கு அங்கே விலக்கு கிடையாது. ஆகவே விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறைகளை மட்டுமே பதிவு செய்ய வேண்டும்.

ஆட்டச் சீட்டைப் பொறுத்தவரை, ஃபிஃபாவின் சொந்தத் தளத்தையும் அதன் மறுவிற்பனைப் பிரிவையும் தவிர வேறெங்கும் வாங்காதிருப்பதே பாதுகாப்பு. அந்த மறுவிற்பனைப் பிரிவிலும் வாங்குபவரிடம் 15 சதவீதம், விற்பவரிடம் 15 சதவீதம் என்று இரு பக்கமும் கட்டணம் பிடிக்கப்படுகிறது. இன்னும் பல நாடுகளுக்கும் வாய்ப்பு தருவதற்காகத் தொடரை விரிவுபடுத்தினோம் என்று சொல்லும் அமைப்பு, அந்நாடுகளின் ரசிகர்களிடம் காட்டும் கரிசனம் இதுதான் போலும்.

ஆட்டம் முடிந்த அன்றிரவே விமானம் பிடிக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். 2024இல் மயாமியில் நடந்த, தென் அமெரிக்க அணிகளின் கோபா அமெரிக்கா தொடர் இறுதி ஆட்டம், சீட்டு இல்லாதவர்கள் வாயில்களில் முண்டியடித்ததால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதமாகத் தொடங்கியது. 2025 கிளப் உலகக் கோப்பையில் பென்ஃபிகா - செல்ஸி ஆட்டம் மின்னல் அபாயத்தால் இரண்டு மணி நேரம் அளவுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. திறந்த மைதானத்தின் அருகே மின்னல் தென்பட்டால் ஆட்டத்தை நிறுத்தி, கடைசி மின்னலிலிருந்து 30 நிமிடம் காத்திருப்பது அமெரிக்க நடைமுறை. இடையில் இன்னொரு மின்னல் வெட்டினால் அந்த 30 நிமிடமும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இறுதியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழ் வெளியிடும் போட்டி அட்டவணை நம் நாட்டு நேரப்படி அமைந்திருக்கிறது. தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு அது சரி. ஆனால் ஜூன் 11 அன்று இரவு குவாதலஹாராவில் தொடங்கும் ஆட்டம் அதில் ஜூன் 12 என்றே இடம்பெறும். அதை நம்பி அறையும் விமானமும் பதிவு செய்கிறவர் ஆட்டம் முடிந்த பிறகுதான் ஊர் போய்ச் சேர்வார். அடுத்த முறை அட்டவணையை அச்சிடும்போது, ஆட்டம் நடக்கும் ஊரின் தேதியையும் நேரத்தையும் அருகிலேயே இன்னொரு பத்தியில் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்