மொட்டை மாடி சோலார்: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொதுப் பயன்பாட்டுக்கான 9.9 கிலோவாட் சோலார் வேலை முடிந்து, நாம் எடுக்கும் மின்சாரத்தையும் திருப்பித் தருவதையும் கணக்கிடும் இருவழி மீட்டரும் மாட்டியாகிவிட்டது. 550 வாட் பேனல் 18, ஒன்பது ஒன்பதாக இரண்டு வரிசை, பேனலின் நேர் மின்சாரத்தை (டிசி) நாம் பயன்படுத்தும் ஏசி மின்சாரமாக மாற்றும் மூன்று பேஸ் இன்வெர்ட்டர் ஒன்று, எர்த் குழி மூன்று. நல்ல வெயிலில் நாளுக்கு 40 யூனிட் வரை வரும். லிஃப்டும் தண்ணீர் மோட்டாரும் பகலில் இதில் ஓடுகின்றன.

38,000 ரூபாய் ஏன் கூடியது, ஆறு வாரம் ஏன் வேலை நின்றது என்று கேட்டிருந்தீர்கள். நிறுத்தியது குழுதான். ஒப்பந்ததாரர் மே மாதம் அளவெடுத்து, தண்ணீர்த் தொட்டிக்கு வடக்கே மூன்றடி விட்டுப் பேனல் வைக்க வரைந்து தந்தார். மே மாத நடுப்பகலில் சென்னையில் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும், தொட்டி நிழல் தெற்கே விழும். அதை மட்டும் பார்த்துவிட்டார். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். பத்தடித் தொட்டியின் நிழல் நடுப்பகலில் வடக்கே ஏழரை அடி, காலை ஒன்பது மணிக்குப் பத்தடி வரை வரும். "ஒரு பேனலில்தானே நிழல்" என்றார். ஒரு வரிசையில் எல்லாப் பேனலும் தொடர் இணைப்பு. பேனலில் உள்ள சிறு கட்டங்கள்தான் செல்கள்; நிழல்பட்ட செல் மொத்த வரிசையின் மின்னோட்டத்தையும் இழுத்துப் பிடிக்கும். நிழல்பட்ட பகுதியை ஒதுக்கி மின்னோட்டத்தை மாற்று வழியில் விடும் பைபாஸ் டையோடு காப்பாற்றினாலும், நிழல் விழும் நேரமெல்லாம் அந்தப் பேனலின் உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், 25 வருடத்துக்கு. அதனால் பேனலைத் தொட்டியிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி வைக்கச் செய்தோம். கூடுதல் டிசி கேபிளும் கூலியும் 14,000.

அடுத்த தகராறு, பேனல் சட்டத்தை நிறுத்த, மாடித் தளத்தில் பதித்த தட்டோட்டைத் துளைத்து போல்ட் இறக்குவேன் என்று ஒப்பந்ததாரர் சொன்னது. ஓடு ஒருமுறை விரிசல் விட்டால் மழைநீர் கீழ்வீட்டுக் கூரையில்தான் இறங்கும். துளைக்காமல் கனமான கான்கிரீட் கட்டை வார்த்து, போல்ட்டை அதில் புதைத்தோம். வர்தா புயலைக் கண்ட ஊரில் எடையில் சிக்கனம் பார்க்க முடியாது. அதற்கு 24,000.

கேபிள் இணைப்பி ஒன்றைக் கழற்றிப் பார்த்தால், செம்பு இழைகள் பாதி வெளியே பிரிந்து நின்றன. இணைப்பியைக் கம்பியோடு இறுக அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் கருவி இல்லாமல் கட்டிங் பிளேயரால் நசுக்கியிருந்தார்கள். தளர்ந்த இணைப்பு சூடேறி உருகும், டிசியில் தீப்பொறி எளிதில் அணையாது. அத்தனை இணைப்பிகளையும் ஒப்பந்ததாரர் செலவிலேயே மாற்ற வைத்தோம்.

கூடுதல் தொகைக்கு ஏ-3, ஏ-7, பி-1, பி-4, சி-2 வீட்டார் தலா 5,000, சி-6 வீட்டு அம்மா 3,000 கொடுத்தார்கள். மீதி 10,000 பராமரிப்பு நிதியிலிருந்து எடுத்தோம். கேட்டவுடன் தந்த ஆறு வீட்டாருக்கும் மனமார்ந்த நன்றி. பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம்.

கரண்ட் போனால் சோலாரும் நிற்கும், அது பழுதல்ல. கம்பத்தில் வேலை செய்பவருக்கு நம் மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தானே நிறுத்திக்கொள்கிறது.

பேனலைப் பதினைந்து நாளுக்கொருமுறை, காலை ஏழு மணிக்குள், மெட்ரோ தண்ணீரில் கழுவ வேண்டும். போர் தண்ணீர் உப்புக்கறை படியவிடும், சுட்ட கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம். வாட்ச்மேனிடம் சொல்லியாயிற்று. பில்களும் வரைபடமும் அலுவலக அறையில் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம்.

இப்படிக்கு,
சோலார் பணிக் குழு