மைதானத்தில் இடம் கொடுத்தவர்களுக்கு நன்றி

வியாசர்பாடி மக்களுக்கு வணக்கம்.

இந்தியப் பெண்கள் கால்பந்து அணி 2026 மார்ச் மாதம் ஆஸ்திரேலியாவில் ஆசியக் கோப்பை ஆடப்போகிறது. 2025 ஜூலை 5ஆம் தேதி தாய்லாந்து அணியை அவர்கள் ஊரிலேயே, சியாங் மாயில், 2-1 என்று ஜெயித்து இந்த இடத்தைப் பிடித்தார்கள். இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர் போட்டவை. தகுதிச் சுற்று ஆடி ஜெயித்து நம் பெண்கள் இந்தப் போட்டிக்குள் போவது இதுதான் முதல் தடவை. இதற்கு முன் முழுசாக ஆடியது 2003இல். 2022இல் நம் நாட்டிலேயே நடந்தபோது கொரோனாவால் 13 பேரைக்கூடத் திரட்ட முடியாமல் பாதியிலேயே விலக வேண்டியதாயிற்று. அந்த வருத்தம் இப்போதுதான் தீர்ந்தது.

அந்த ஜூலைக்குப் பிறகு நம் மைதானத்துக்கு வரும் பெண் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அதே தகுதிச் சுற்றில் மங்கோலியாவுக்கு எதிராக நம் தமிழ்நாட்டுப் பிரியதர்ஷினி செல்லதுரை போட்ட இரண்டு கோலைப் பற்றித்தான் எந்நேரமும் பேச்சு. பிள்ளைகள் வந்துவிட்டார்கள், சரி. அவர்கள் தொடர்ந்து ஆட முடிந்தது உங்களால்தான்.

முதல் நன்றி நம் பெரிய பையன்களுக்கு. தனபால் கணேஷ், நந்தகுமார் சேகர் என்று இந்திய அணிக்கே ஆள் அனுப்பிய பேட்டை இது. சாயங்காலம் ஆனால் இங்கே கால் வைக்க இடம் இருக்காது. அப்படியிருந்தும், ரயில்வே லைன் பக்கத்துப் பாதியை நீங்களாகவே விட்டுக்கொடுத்தீர்கள் தம்பிகளா. கல் பொறுக்கி, சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்ததும் நீங்கள்தான்.

அப்புறம், மைதானத்தை ஒட்டின வீட்டு ஆயாவுக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் மதியத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். ஒதுங்க இடம் இல்லை, அதனால். ஒருத்தி வெயிலில் மயங்கி விழுந்த அன்று ஆயா தன் வீட்டுப் பின்கட்டுக் கதவைத் திறந்துவிட்டார். இன்றுவரை அதற்குப் பூட்டு இல்லை. குழாயில் தண்ணீர் வராத நாளிலும் அடிபம்பில் அடித்து பக்கெட்டை நிரப்பி வைத்திருப்பார். மேல் பலகையில் பேப்பரில் சுற்றிய நாப்கின் எப்போதும் இருக்கும். யாரும் கேட்டு வாங்கவேண்டியதில்லை, எடுத்துக்கொள்ளலாம். ஒரு பெண் பிள்ளை விளையாட்டில் நிலைக்கிறாளா, பாதியில் நிற்கிறாளா என்பதை இந்த மாதிரி ஒரு கதவுதான் முடிவு செய்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

மூலக்கடையில் செருப்புத் தைக்கும் அண்ணனுக்கும் நன்றி. வாய் பிளந்த பூட்ஸை நைலான் நூலில் இரட்டைத் தையல் போட்டுத் தருவார். காசு நீட்டினால், "ஜெயிச்சுட்டு வந்து குடும்மா" என்பார். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்ற நாட்களில் புளியந்தோப்புப் பிள்ளைகளைச் சுற்றுவழியில் கொண்டுபோய் வீட்டு வாசலில் இறக்கிவிட்ட ஆட்டோ அண்ணனுக்கும், பால், முட்டை, சுண்டல் என்று முறை வைத்துக் கொடுத்தனுப்பும் அம்மாக்களுக்கும் நன்றி. வேண்டாம் என்று மறித்த அப்பாக்களில் சிலர் இப்போது கோட்டோரம் நின்று, "லெப்ட்ல குடு, லெப்ட்ல குடு" என்று கத்துகிறார்கள். அவர்களுக்கும்தான்.

மார்ச் 7, சனிக்கிழமை, பெர்த்தில் ஜப்பானோடு நமக்கு ஆட்டம். 2011இல் உலகக் கோப்பையையே ஜெயித்த நாடு அது. கஷ்டமான ஆட்டம்தான், இருந்தாலும் எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். சலூன்கடை அண்ணன் தன் டி.வி.யை வெளியே எடுத்து வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார், அவருக்கு முன்கூட்டியே நன்றி. பாய் நாங்கள் விரிக்கிறோம், குடும்பத்தோடு வாருங்கள். முன்வரிசை ஆயாவுக்கும் பிள்ளைகளுக்கும்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் பயிற்சியாளர்