துரியான் கொட்டகைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

சுங்கை சிப்புட் வட்டார அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை ராத்திரி அம்மா, சாய்ந்த மரங்களைக் கொண்டே நீங்கள் எல்லாரும் கட்டித் தந்த புதுக் கொட்டகையின் பெஞ்சில் உட்கார்ந்து, துரியான் பழம் விழும் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. தகரக் கூரையாக இருந்திருந்தால் எதுவும் காதில் விழுந்திருக்காது. பெர்த்தாம் என்ற காட்டுப் பனை ஓலைக்கு மேலே மழை பெய்வதே தெரியவில்லை. ‘தொப்’ என்று காட்டுக்குள் சத்தம் வரும்போதெல்லாம் அம்மா ஒரு விரலை மடக்குவார். பதினொன்று வரை எண்ணிவிட்டு அங்கேயே தூங்கிப் போனார். அதைப் பார்த்த பிறகு இந்த மடலை இன்னும் தள்ளிப்போட மனம் வரவில்லை.

உதவியவர்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் யார் பெயரையும் எழுதவில்லை. படித்தால் அவரவருக்குத் தெரியும்.

நிலம் இரண்டு ஏக்கர்தான். தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமநிதிப் பணத்தில் அம்மா வாங்கியது. மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன், தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கியவர் தாத்தா. நமக்கென்று கொஞ்சம் மண் வேண்டும் என்ற எண்ணம் அம்மாவுக்கு அவரிடமிருந்து வந்ததுதான். சுற்றியிருந்த தோட்டமெல்லாம் செம்பனையாக மாறிய பிறகும் எங்கள் துண்டில் பழைய கித்தா (ரப்பர்) மரங்களும் பலாவும் துரியானும் அப்படியே நின்றன. கித்தா விலை விழுந்ததும் வெட்டுவதை நிறுத்தினோம். அப்புறம் அது காடாகவே ஆகிவிட்டது.

போன அக்டோபரில், பருவம் மாறும் நேரத்துச் சாயங்காலக் காற்று அரை மணி நேரம் அடித்தது. இரண்டு கித்தா மரமும் பெரிய பலாவும் வேரோடு சாய்ந்தன. அவற்றைப் பலகையாக அறுத்துத் தருகிறேன் என்று ஒருவர் அறுநூறு வெள்ளி முன்பணம் வாங்கிக்கொண்டு போனார், திரும்ப வரவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத விரும்பவில்லை. ஏனென்றால் அந்தச் செய்தி காதுக்கு எட்டியதும், பலகை மில்லில் முப்பது வருடம் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் தன் செயின்சாவைத் தூக்கிக்கொண்டு அவராகவே வந்து நின்றார்.

அண்ணே, உங்களுக்குத்தான் முதல் நன்றி. வந்ததும் மரத்தைத் தொடவில்லை நீங்கள். வேர் பிடுங்கிய குழிக்குள் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை முதலில் வெளியே வரச் சொன்னீர்கள். சாய்ந்த மரத்தை அடியில் அறுத்துவிட்டால் வேரோடு ஒட்டியிருக்கும் மண்ணின் பாரம் அந்த அடிக்கட்டையைச் சட்டென்று தூக்கி நிறுத்தி, பழைய குழிக்குள்ளேயே உட்கார வைத்துவிடும் என்றீர்கள். பலாவை அறுத்தபோது அப்படியேதான் நடந்தது. தலைக்கு மேல் உயரமாக நின்ற வேரும் மண்ணும் ஒரே மூச்சில் குழியில் இறங்கின. தரை அதிர்ந்தது. பிள்ளைகள் அங்கே இருந்திருந்தால் என்று நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. காட்டு நிலம் வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

பலகை அறுப்பதை அன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். கிடக்கும் மரத்தின்மேல் ஓர் ஏணியை மட்டம் பார்த்து ஆணியடித்து, அதன்மேல் செயின்சா மாட்டிய இரும்புச் சட்டத்தை வைத்து ஓட்டினால் முதல் அறுப்பு நேராக வரும். அடுத்த அறுப்புகளுக்கு அந்த நேர்முகமே வழிகாட்டும். நெட்டுக்கு அறுக்க வேறு மாதிரி பல் தீட்டிய சங்கிலி வேண்டும், சாதாரணச் சங்கிலி திணறிவிடும். பலாவின் வைரம் திறந்தபோது மஞ்சள் அரைத்துப் பூசியது போல இருந்தது.

கித்தா மரத்தில்தான் சிக்கல். பால் பிடிக்கும் மங்கு தொங்கவிட்ட கம்பியையும் பால் வடியும் தகரத்தையும் பட்டை வருடக்கணக்கில் விழுங்கி வைத்திருக்கும். சங்கிலி அதில் பட்டால் பல் போய்விடும். அண்ணன் காந்தத்தை வைத்துத் தடவிக்கொண்டிருந்தபோது அம்மா எழுந்து வந்தார். எண்பத்திரண்டு வயது. மரத்தைக் கையால் தடவி, “இதுக்கு முதல்ல மேற்குப் பக்கம் வெட்டு, அப்புறம் கிழக்கே திருப்பினேன்” என்றார். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கும் பழைய வெட்டுத் தழும்பை விரலால் தொடர்ந்துபோய், அது முடியும் இடத்துக்குக் கீழே ஒரு சாண் அளந்து, “இங்கே பாரு” என்றார். அண்ணன் உளியால் கொத்தினார். இரண்டு விரல் ஆழத்தில் துருப்பிடித்த கம்பி. நான்கு இடத்தில் காட்டினார், நான்கிலும் கிடைத்தது. அந்தக் கம்பிகளை அம்மா வேட்டித் துணியில் முடிந்து வைத்திருக்கிறார்.

நாற்காலி மேசை செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தம்பிக்கு அடுத்த நன்றி. கித்தாப் பலகையை அப்படியே விட்டால் சில நாளிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாய்ந்துவிடும், பின்னாலேயே பூச்சி துளைத்துவிடும். முன்பெல்லாம் வெட்டிய கித்தா மரம் அடுப்புக்கும், ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுவதற்கும்தான் போனது. தம்பி அன்று சாயங்காலமே தொட்டி கட்டி, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த தண்ணீரில் எல்லாப் பலகையையும் ஊறவைத்தார். மழையில் நனைந்தால் அந்த மருந்து கரைந்து போய்விடும் என்பதால் கித்தாப் பலகையைத் தரைக்கும் பெஞ்சுக்கும் மட்டும் போடச் சொன்னதும் அவர்தான். தூணுக்குப் பலா வைரம். கறையான் அதை எளிதில் அண்டாது. இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, முனைகளுக்கு மிச்சப் பெயிண்ட் அடித்து, ஏழு மாதம் நிழலில் காயவைத்தோம்.

வேலி தாண்டி இருக்கும் பாக்சிக் (மலாய்க்கார மாமா) சிமெண்டுக் கட்டை ஆறு வார்த்துக் கொடுத்தார். தூண் மண்ணைத் தொடக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். ஹார்டுவேர் கடைத் தவுக்கை (முதலாளி) போல்ட்டு நட்டுக்குக் காசு வாங்க மறுத்து, துரியான் விழுந்தால் ஒன்று கொடு என்றார். கொடுத்துவிட்டோம். தனியார் நிலத்து மரமானாலும் வெளியே ஏற்றிப் போவதென்றால் வன இலாகா உரிமம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி, எங்களை இலாகாவுக்கே போய்க் கேட்டுவரச் சொன்ன நில அலுவலகத்து அக்காவுக்கும் நன்றி. ஒரு பலகைகூட நிலத்தை விட்டு வெளியே போகவில்லை.

பக்கத்து ஊரான லாசாவுக்கு மேலே இருந்து வந்த தெமியார் பழங்குடிப் பெரியவருக்கும் அவர் மகளுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பெர்த்தாம் ஓலையை மூங்கில் பிளாச்சில் மடித்துக் கோக்க மூன்று நாள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். என் மகன் கோத்த முதல் பத்து மட்டையைப் பெரியவர் ஒன்றும் சொல்லாமல் பிரித்து அவன் கையிலேயே கொடுத்தார். பதினொன்றாவதை வாங்கிக் கூரையில் வைத்தார். அன்று முழுக்க அவன் அதைப் பற்றியே பேசினான். கூரைச் சரிவு போதாது என்று அவர் சொன்னதால், ஏற்றிய கைமரத்தை இறக்கி மறுபடி அறுத்தோம். இப்போது ஒரு சொட்டு ஒழுகுவதில்லை.

கோத்தோங் ரோயோங் (எல்லாரும் கூடிச் செய்யும் வேலை) நடந்த நான்கு ஞாயிற்றுக்கிழமையும் முப்பது பேருக்குப் பசியாறக் கொடுத்த கோயில் மகளிருக்கு நன்றி. நீங்கள் கொண்டுவந்த தேங்காய்ச் சட்னிக்காகவே சில பையன்கள் இரண்டாவது வாரமும் வந்தார்கள் என்று கேள்வி. தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்கள் சேற்றில் தோளில் சுமந்து வந்த பலகைகளுக்கும் நன்றி. லோரி உள்ளே வர முடியாத அந்த இருநூறு அடியை நீங்கள் இல்லாமல் நாங்கள் கடந்திருக்க மாட்டோம்.

துரியான் முடியும் வரை ராத்திரியில் யாராவது ஒருவர் கொட்டகையில் இருப்போம். நீங்கள் எல்லாரும் ஒரு ராத்திரி வந்து தங்கவேண்டும் என்று அம்மா சொல்லச் சொன்னார். சொல்லிக்கொண்டு வரவேண்டும் என்றில்லை.

இன்னொன்று. நீல நிறப் பிடி போட்ட கைரம்பம் ஒன்றும், ஒரு பழைய ரசமட்டமும் எங்களிடம் தங்கிவிட்டன. எண்ணெய் போட்டுத் துடைத்து, கதவோரத் தூணில் மாட்டி வைத்திருக்கிறோம். உரியவர் வந்து எடுத்துக்கொள்ளவும்.

நன்றியுடன்,
கித்தாக்காட்டு அம்மாவும் பிள்ளைகளும்
சுங்கை சிப்புட், பேராக்