நிறைக்கும் திணிவுக்கும் நடுவே ஒரு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

தமிழ்நாட்டு, இலங்கைப் பாடநூல்களின் இயற்பியல் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் என் சிறு கையேடு ஒருவழியாக அச்சாகி வந்துவிட்டது. நாற்பது பக்கம்தான். உழைத்தவர்களை எண்ணிப் பார்த்தால், அட்டையில் என் பெயர் மட்டும் இருப்பது கூச்சமாக இருக்கிறது.

முதல் நன்றி, வவுனியாவிலிருந்து வந்து என் மாலை வகுப்பில் சேர்ந்த மாணவிக்கு. 'நிறை 500 நியூற்றன்' என்று அவள் எழுதியதைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டேன். நிறை என்றால் கிலோகிராமில்தானே வரவேண்டும்! மறுநாள் தன் பழைய பாடநூலைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். நாம் நிறை (ஒரு பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு, கிலோகிராமில்) என்பது அங்கே திணிவு. நாம் எடை (அந்தப் பொருளைப் புவி இழுக்கும் விசை, நியூட்டனில்) என்பது அங்கே நிறை. அவள் கணக்கு சரி, நான்தான் தப்பு. மதிப்பெண்ணைப் போட்டுக் கொடுத்தேன். அன்று இரவே ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு கிழித்தேன்.

அடுத்து அவளுடைய தாத்தா, ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர். "தம்பி, நீங்கள் எலக்ட்ரான் எண்டு சொல்லுறது எங்களுக்கு இலத்திரன்" என்று தொடங்கினால் போன் சூடாகும்வரை விடமாட்டார். ஒட்சிசன், ஐதரசன் என்று கிரந்த எழுத்தே இல்லாமல் அவர்கள் எழுதுவதன் ஒழுங்கை அவரிடம்தான் கற்றேன். எனக்கு அந்த முறைதான் பிடித்திருக்கிறது. வாய் மட்டும் இன்னும் ஆக்சிஜன் என்றே சொல்கிறது, என்ன செய்ய!

அப்புறம், நான் நேரில் பார்த்தே இராதவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். 1916-இல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் தமிழில் அறிவியல் சொற்களை உருவாக்கச் சங்கம் வைத்தார்கள். 1938-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். இலங்கையின் அரசகரும மொழித் திணைக்களம் துறை துறையாகச் சொற்றொகுதி போட்டது. குழுவாக உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லுக்கும் மல்லுக்கட்டிய அவர்கள் இல்லையென்றால், நான் வகுப்பில் பாதி ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டிருப்பேன். இரு கரையாரும் கலந்து பேசி நிறையை மட்டுமாவது ஒரே பொருளில் வைத்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. வைத்திருந்தால் இந்தக் கையேடே வந்திருக்காது, அது வேறு விஷயம்.

பழைய சொற்பட்டியல்களைத் தூசி தட்டி எடுத்துத் தந்த நூலக உதவியாளருக்கும், 'திணிவு' என்பதைத் 'துணிவு' என்று ஏழு இடத்தில் அடித்து, ஏழையும் முகம் கோணாமல் திருத்திய அச்சகத் தம்பிக்கும் நன்றி.

முதல் பிரதியை மாணவியிடம்தான் கொடுத்தேன். எட்டாவது துணிவு பதினேழாம் பக்கத்தில் இருக்கிறதாம்.